பேச்சியக்கா எடுத்த பிடிமண்

அரசாங்கம் நட்ட அளவுக் கல்லின் மேல் டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டிய ஆள் இந்தத் திருப்பூரிலேயே பேச்சியக்கா ஒருவராகத்தான் இருக்க வேண்டும்!

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர்கள், துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் அந்தப் பீஸ் டேமேஜ். பெட்டிக்குள் போகாது. பேச்சியக்கா பல வருஷமாகப் பார்ப்பது அந்த வேலைதான். விரல் நகங்களில் எப்போதும் நாலைந்து அம்பு தொற்றிக்கொண்டிருக்கும். அன்று காலை கம்பெனி வேனுக்குக் கிளம்பியவர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதையின் நடுவில் புதிதாக ஒரு கல் நிற்பதைப் பார்த்துக் கிட்டே போனார். பக்கத்தில் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தவரிடம், இது என்ன கல் என்று கேட்டார்.

"இங்க ஜெயில் வரப்போகுதுங்கக்கா."

பேச்சியக்கா நகத்திலிருந்து ஓர் அம்பை எடுத்தார். கல்லின் நெற்றியில் ஒட்டினார்.

"இது டேமேஜு" என்று சொல்லிவிட்டு வேன் ஏறப் போய்விட்டார்.

அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் கள்ளிமேடு. ஒரு பக்கம் வரிசை வரிசையாக லைன் வீடுகள். எதிர்ப்பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி. அதை ஒட்டிச் சின்னப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளி. லைன் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே கிடக்கிறது புறம்போக்கு நிலம். அதில் கால்பட்டுக் கால்பட்டே விழுந்த ஒற்றையடிப் பாதையில்தான் எங்கள் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போகின்றன. சிறைச் சுவர் எழும்பினால் அந்தப் பாதை போய்விடும். பிறகு பல்லடம் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கிற ரோடு அது. ஓரத்தில் நடக்க ஒரு சாண் இடம் கிடையாது.

முத்துப்பேச்சி என்ற பேச்சியக்காவுக்கு இதன் அர்த்தம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்தது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம் அவருடையது. அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்புக்குப் பெரிய ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பொம்பளைப் பிள்ளை தனியாக ரோட்டில் போவதா என்று அப்பா நிறுத்திவிட்டார். கொஞ்ச வருஷத்தில் பேச்சியக்கா வேலைக்காகத் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். இப்போது அவர் மகள் நதியா ஒன்பதாம் வகுப்பு. கணவர் இறந்த பிறகு அக்காவுக்கு இருக்கிற ஒரே கணக்கு இதுதான்: நதியா அந்தப் பாதையில் நடந்து பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிட வேண்டும்.

லைன் வீடுகளில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிற ஜெயபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் மிஞ்சிய பனியன் துணியை நீளமாக விரித்துப் போட்டு, 'கொலைகாரர்களும் திருடர்களும் எங்கள் தெருவுக்கு வேண்டாம்' என்று பெயின்டில் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து நன்றாக இருந்தது. அக்கா வந்து பார்த்தார்.

"எலேய், அத அழி."

"ஏங்க்கா? கெத்தா இருக்குல்லா?"

"எங்கண்ணன் இசக்கிமுத்து ஒரு வரப்புச் சண்டையில உள்ள போயி ஆறு மாசம் பாளையங்கோட்டையில இருந்தாவ. தெரியுமா? அவுகளும் மனுசந்தான். ஜெயிலு வேண்டாமுன்னு யாரு சொன்னா? இந்தப் பாதையில வேண்டாம். அத மட்டும் எழுது."

ஜெயபாண்டி துணியைத் திருப்பிப் போட்டான். 'எங்கள் பிள்ளைகளின் பாதையை அடைக்காதே' என்று எழுதினான். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி அறிவித்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லோரும் படித்தார்கள், சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அங்கேதான் எங்கள் ஊர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. தேதியைப் பார்த்தவர்களில் ஒருவருக்கும் அன்று என்ன விசேஷம் என்பது உறைக்கவில்லை. அது கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், குழாயடியில்தான் உடைந்தது.

லைன் வீடுகளின் சொந்தக்காரர் மருதாசலம், வீட்டம்மா சாரதாமணியோடு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்தவர், பேச்சியக்காவிடம் தெம்பாகச் சொன்னார்:

"அம்மிணி, அன்னிக்குக் கூட்டத்துல நீங்கெல்லாம் நல்லாப் பேசிப்போடோணும். நாங்க பழனி போயிருவமுங்க. பங்குனி உத்திரமுங்க. காவடி தப்பவே கூடாது."

பேச்சியக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"ஓனரய்யா, நீங்க இருப்பீகன்னுல்லா நாங்க நெனச்சோம்? உத்திரத்துக்கு நாங்க மொத்த லைனும் சாஸ்தா கோயிலுக்குப் போறோம். பஸ்ஸே பேசியாச்சு."

"அட என்ற முருகா! அப்பக் கூட்டத்துக்கு யாருங்க போறது?"

"ஜெயிலு கட்டுதவுக போவாக" என்றான் ஜெயபாண்டி பல் துலக்கிக்கொண்டே.

லைன் வீடுகளில் இருக்கிற தெற்கத்திக்காரர்களுக்குப் பங்குனி உத்திரம் என்றால் அது வெறும் விசேஷம் இல்லை. எந்த ஊரில் பிழைத்தாலும் அன்று குலசாமியான சாஸ்தா முன்னால் நின்று பொங்கல் வைத்தாக வேண்டும். வருஷம் முழுக்கப் பேசாத பங்காளிகளும் அன்றைக்கு ஒரே பந்தலில் உட்காருவார்கள். மருதாசலம் மாதிரி உள்ளூர்க் குடும்பங்களுக்கோ அன்று பழனி. ஆக மொத்தக் கள்ளிமேடும் சாமி கும்பிடப் போய்விட, காலி நாற்காலிகளைப் பார்த்து 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிவிடுவார்கள்!

தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. அதோடு ஒரு சொல்லும் வந்தது. "அந்த லைன் வீட்டுல இருக்கறவங்க நிரந்தரக் குடி இல்லையே. பிழைக்க வந்துட்டுப் போறவங்கதானே" என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்களாம். போய்விட்டு வந்த மருதாசலம் தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னார். அக்காவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோபம் இல்லை. வாசல் வரை வந்தவரை உள்ளே கூப்பிடாமல் விட்டால் முகம் எப்படி இருக்கும், அப்படி.

அன்று சாயங்காலம் ஊருக்கு அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரிசி களைந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பிடிமண்.

மூலக் கோயிலில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்க் குடியேறிய இடத்தில் வைத்தால், சாமியும் அங்கே குடிவந்துவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம் உத்திரத்துக்கு அந்தப் புது இடத்தில்தான் பொங்கல். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பிடிமண் எடுத்தவர்கள் பழைய பந்தலில் கோயில் வரி கொடுக்கிற உரிமைக்காரர்கள் இல்லை, விருந்தாளிகள்தான்.

"ஏட்டி பேச்சி, பிடிமண் எடுத்தா அத்துவிட்ட மாதிரில்லா?" இசக்கிமுத்துவின் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது. "ஊரு வேண்டாம், அண்ணன் வேண்டாம், அப்படித்தான?"

"வேண்டாமுன்னு சொல்லல. அங்க நான் வருசத்துக்கு ஒரு நாளு இருக்கேன். மிச்ச நாளெல்லாம் இங்கதான இருக்கேன்? எம்புள்ள இங்கதான நடக்கா?"

"ஜெயிலு வந்தா என்ன கொறஞ்சு போயிருவ? நான் இருந்த எடந்தான். அவ்வளவு கேவலமா ஒனக்கு?"

அக்கா அரிசியை அப்படியே விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

"நீ உள்ள இருந்த. நான் வெளிய நின்னேன். வெயில்ல, மயினியக் கூட்டிக்கிட்டு, கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு. எனக்குத் தெரியாதாண்ணே? ஜெயிலக் கேவலமுன்னு நான் சொல்லல. பாதைய மறிச்சுச் சொவரு வைக்காதன்னுதான் சொல்லுதேன். என்னைய ரோட்டைக் காட்டித்தான வீட்டுல உக்கார வச்சீங்க? அவளையும் வைக்கவா?"

அந்தப் பக்கம் இசக்கிமுத்து போனை வைத்துவிட்டார்.

பேச்சியக்கா லைன் வாசலில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "பேசுன பஸ்ஸ வேண்டாமுன்னு சொல்லிருங்க. இந்த வருசம் பொங்கல் இங்கதான்." சிலர் முணுமுணுத்தார்கள். குலசாமி விஷயத்தில் விளையாடலாமா என்றார்கள். மண் வராவிட்டால் என்ன செய்வாய் என்றார்கள். "வரும்" என்றார் அக்கா. எந்தத் தைரியத்தில் சொன்னாரோ!

ஜெயபாண்டிக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "அக்கா, அந்தப் புறம்போக்குல, அந்த அளவுக் கல்லு பக்கத்துலயே சாமிய வச்சிருவோம். எவன் தொடுவான்? கவர்மெண்டே கையெடுத்துக் கும்பிட்டுப் போயிரும்!"

"சாமி என்ன ஒனக்கு வேலி முள்ளா, எடத்த அடைக்கதுக்கு?" என்றார் அக்கா. "கும்பிடத்தான் கூப்பிடுதோம். நியாயத்த நாம பேசுவோம்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மருதாசலம் தொண்டையைக் கனைத்தார். "தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல என்ற எடம் சும்மாதானுங்க கெடக்குது. அங்க வெச்சுக்கோங்க. நானும் பழனிக்கு மறுநாளே போய்க்கறனுங்க."

"ஏனுங்க, காவடி தப்பவே கூடாதுன்னீங்க?" என்று சாரதாமணி இடித்தார்.

"முருகனுக்கு நம்மூட்டுச் சங்கதியெல்லாம் தெரியும், சும்மா இரு."

உத்திரத்தன்று விடிகிற நேரம். தொட்டிப் பக்கம் சாணி தெளித்துக் கோலம் போட்டாயிற்று. வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றியாயிற்று. பீடத்துக்காக மூன்று செங்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒன்றும் இல்லை. யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் யாரையும் பார்க்கவில்லை. நதியாதான் தெருமுனையில் நின்றவள் கத்தினாள்:

"யம்மா! மாமா வாராக!"

புது மண் கலயம் ஒன்றை மஞ்சள் துணியில் கட்டி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார் இசக்கிமுத்து. ராத்திரி முழுக்க பஸ்ஸில் கலயத்தை மடியிலிருந்து இறக்கவே இல்லையாம். அன்று அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அவருடைய கோயில். அதை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வருசா வருசம் நீதான வருவ" என்றார் தங்கையிடம். "இந்த வருசம் நான் வந்தேன். பிடி."

கலயத்தை வாங்கும்போது அக்கா அழுதுவிட்டார். அழுதபடியே, "காப்பி குடிச்சியா?" என்று கேட்டார்.

பானைகள் பொங்கின. குலவைச் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டிருக்கும். சாமி கும்பிட்ட கையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு, மொத்த லைனும் கூட்டத்துக்கு நடந்தது. இசக்கிமுத்துவும் கூட நடந்தார். மருதாசலம் தன் பங்காளிகள் அத்தனை பேரையும் இழுத்து வந்திருந்தார். போட்டிருந்த நாற்காலிகள் போதவில்லை. பள்ளி மைதானத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா தாளைப் பார்த்துக் கேட்டார்: "இதுல இந்தப் பகுதியில நிரந்தரமா குடியிருக்கறவங்க யாரு? தற்காலிகமா வேலைக்கு வந்தவங்க யாரு?"

பேச்சியக்கா எழுந்தார். கையில் எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை.

"அம்மா, நாங்க தெக்க இருந்து வந்தவங்க. உண்மைதான். ஆனா இன்னைக்குக் காலையில எங்க சாஸ்தாவுக்குப் பிடிமண் எடுத்து இந்த ஊர்ல வச்சுட்டோம். சாமியே இங்க வந்துட்டாரு. இனி நாங்க எங்க போவ?"

அதிகாரியம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"பிடிமண்ணே எடுத்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது. ஆனால் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாம்மா. மண்ணக் கொண்டாந்தது எங்கண்ணன். இவுக ஜெயில்ல இருந்தவுக. இவுகளப் பாக்கப் போயி வெளிய நின்னவ நான். ஜெயிலு எங்க இருந்தாலும், பாக்க வாற பொம்பளைங்க பஸ்ஸ விட்டு எறங்கி நிக்க ஒரு நெழலாவது வேணும். இங்க பஸ்ஸே கெடையாது. இருக்கது இந்த ஒத்தப் பாதை. அதுல எங்க புள்ளைங்க நடக்கு. அத மட்டும் அடைக்காதீங்க."

கை தட்டல் ஓய வெகுநேரம் ஆனது. இசக்கிமுத்து மட்டும் தட்டவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரைத் தலை குனிய வைக்காமலே, அவர் ஜெயிலில் இருந்ததை ஊரறியச் சொல்லிவிட்டாரே அக்கா!

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன்னால் செய்தி வந்தது. சிறைக்கு மெயின் ரோட்டோரம் வேறு இடம் பார்க்கிறார்களாம். ஒரு நாள் காலை இரண்டு பேர் டெம்போவில் வந்து கற்களைப் பிடுங்கி ஏற்றினார்கள். வேனுக்குக் கிளம்பிய பேச்சியக்கா, பாதை நடுவில் இருந்த கல்லைக் கை காட்டினார்.

"தம்பி, அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டுப் போங்க."

"அரசாங்கக் கல்லுங்கக்கா. கணக்குக் காட்டோணுமுங்க."

"நல்லாப் பாருங்க, டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. டேமேஜ் பீஸ உங்க ஆபீசுல ரிட்டன் எடுப்பாகளா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிடுங்கிய கல்லை உருட்டி ஓரமாய்ப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கல்தான் இப்போது சாஸ்தா பீடத்துக்கு முன்னால் படியாகக் கிடக்கிறது. வெயிலிலும் மழையிலும் அம்பு வெளுத்துப் போனாலும் இன்னும் உரியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும் நதியா காலையில் அந்தப் படியில் புத்தகப் பையை வைத்து, ஒரு கும்பிடு போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்குகிறாள். எதிர்ப்பக்கம் வேனுக்குப் போகிற பேச்சியக்கா திரும்பிப் பார்ப்பதே இல்லை. பாதை அங்கேயேதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.