உம்மாவுக்காக வாங்கிய பெட்டி

சாகாமத்துப் பக்கம் உம்மாவுக்கு வயல் இருந்தது. அவருடைய வாப்பா சீதனமாகக் கொடுத்த காணி. கல்முனையில் நாங்கள் குடியிருந்த வீடும் உம்மாவின் பெயரில்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன குறை என்பார்கள். குறையை நான் சொல்கிறேன். நான் பிறந்து, எனக்குப் பின்னால் தம்பிமார் இருவர் பிறந்து வளர்ந்த பிறகும் உம்மா அந்த வயலைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே விளைந்த நெல்லை அவித்தார், காயவைத்தார், எங்களுக்கு ஆக்கிப் போட்டார். வயலை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் வாப்பா சிரிப்பார். பொண்டுகளுக்கு அங்க என்ன வேலை என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வாப்பா உழவு மெசின், அதுதான் டிராக்டர், ஒன்று வாங்கினார். மெசினுக்குப் பின்னால் பூட்டி இழுக்கச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று தேவைப்பட்டது. அன்று என்ன நல்ல நேரமோ, சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு வாப்பாவே சொன்னார்.

"பள்ளிக்கூட லீவு வருது. வெட்டுக் காலம். எல்லாரும் மெசின்ல போய் நாலு நாளைக்கு வயல்ல இருந்துட்டு வருவம். பெட்டிதான் ஊடு. பாயும் சட்டி பானையும் ஏத்துவம். குளக்கட்டுக்குக் கிட்ட நிப்பாட்டி ஆக்கித் திம்பம்."

உம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் நிபந்தனை போட்டார்.

"அப்ப எங்களுக்கெண்டுதானே பெட்டி வாங்குறீங்க? நான் சொல்லுறதக் கேளுங்க. பக்கப் பலகை கீழ இறக்குற மாதிரி இரிக்கணும். ஏற ஒரு படி வேணும். மேல வளைச்சுக் கம்பி வெச்சு, மூடுற படங்குச் சீலையச் சுருட்டிக் கட்டுற மாதிரி இரிக்கணும். காத்து வரணும். வயல் தெரியணும்."

"ஓம், ஓம்" என்றார் வாப்பா. சாப்பிடும் மனிதர் சொல்லும் ஓமுக்கு என்ன பெறுமதி என்று எனக்கு அப்போது தெரியாது.

பெட்டி பார்க்க உம்மா போக முடியாது. நான் இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை என்பதால் நான் போகலாம். உம்மா சொன்னதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். வாப்பா, மாமா, நான். மாமா என்றால் உம்மாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். எங்கள் வீட்டில் எந்த முடிவுக்கும் அவர் வந்து தலையாட்ட வேண்டும்.

பிரதான வீதியில் இரும்பு ஒட்டும் பட்டறை ஒன்றின் பின்வளவில் விற்பனைக்கு இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று பலகைப் பெட்டி, பழசு. பக்கப் பலகை இரண்டும் கீழே மடிந்தன. பின்னால் படி இருந்தது. மேலே வளைத்த கம்பிகள். கீழே வில்லுத் தகடு வைத்திருந்ததால் ஏறி நின்று குதித்தால் மெல்ல ஆடியது. நான் குதித்தும் பார்த்தேன். உம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெட்டி அதுதான், அப்படியே. மற்றது புதிய இரும்புப் பெட்டி. சுற்றவர உயர்ந்த தகடு. வில்லும் இல்லை, படியும் இல்லை. பின்கதவுக்கு வெளிப்பக்கமாக ஆணி போட்டுப் பூட்ட வேண்டும். மணல் ஏற்றுவதற்கென்றே செய்தது. அதைப் பட்டறைக்காரரே சொன்னார்.

"வாப்பா, உம்மா சொன்னது இந்தப் பலகைப் பெட்டி" என்றேன்.

மாமா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பொண்டுகள் போற பெட்டி அடைப்பா இரிக்கணும் மச்சான். பலகைய இறக்கினா ரோட்டுல போறவனெல்லாம் பாப்பான்" என்றார்.

பிறகு இரும்புப் பெட்டியைச் சோதித்தார்கள். எப்படிச் சோதித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து ஆலையிலிருந்து நெல் மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். மாமா ஒவ்வொன்றாகத் தட்டிச் சொன்னார், "இது தங்கச்சி. இது மூத்த புள்ள. இது சின்னவனுகள் ரெண்டும்." எல்லாரும் சிரித்தார்கள். மூட்டைகளோடு மெசினை வாய்க்கால் கட்டில் ஏற்றி இறக்கினார்கள். பெட்டி சரியவில்லை, அச்சு முறியவில்லை. மூட்டைகளும் வாய் திறக்கவில்லை. மூட்டைக்கு மூச்சு முட்டாது, தலை சுற்றாது, வெளியே பார்க்க ஆசையும் வராது. நான் அங்கே உயிரோடு நின்றேன். என்னை ஏற்றிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இரும்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. உம்மா முன்கதவின் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இது மண் அள்ளுற பெட்டியல்லவா?" என்றார்.

"புதுப் படங்கும் சேத்துத்தான் வாங்கியிரிக்கன்" என்றார் வாப்பா, பெரிய உபகாரம் செய்தவர் போல.

லீவு வந்தது. உம்மா கறிச் சாமான் அரைத்து, அரிசி மூட்டையும் கருவாடும் கட்டி, அரிவாள்மணை வேண்டாம் கத்தி போதும் என்று ஒரு கத்தியைப் பன்புல்லில் பின்னிய பன்பெட்டிக்குள் வைத்தார். ஏறப் படி இல்லாததால் நெல் குற்றும் உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினோம். வாப்பா கதவைச் சாத்தி ஆணியைப் போட்டார். மாமா படங்கை இழுத்து நாலு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். டிரைவர் மெசினை ஓட்ட, ஆண்கள் இருவரும் அவருக்கு இரு பக்கமும் சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட் தகட்டில் காற்று வாங்கிக்கொண்டு இருந்து வந்தார்கள்.

காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் நாங்கள் காதால் கேட்டுக் கடந்த ஊர்கள். மெசினின் புகை படங்குக்குக் கீழே வந்து நின்றது, போகவில்லை. ஆவணி மாத வெயிலில் தகடு தொட முடியாமல் சுட்டது. அக்கரைப்பற்று தாண்டிக் கிரவல் ரோட்டில் இறங்கியதும் நாங்கள் பானைகளோடு பானையாக உருண்டோம். சின்னத் தம்பி குமட்டி உம்மாவின் மடியில் சத்தி எடுத்தான். உம்மா தகட்டில் தட்டினார்.

"இஞ்சாருங்க! ஊரெல்லாம் தாண்டித்தானே. இந்தக் கயித்த அவிழ்த்து விடுங்க."

"வயல்ல ஆக்கள் நிக்கிறாங்க" என்று வாப்பாவின் குரல் வந்தது.

ஓர் இடத்தில் மெசின் நின்றது. படங்கின் ஓரத்தில் சின்ன இடைவெளி ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். விளைந்த நெல் வேளாண்மையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டியவர்களில் பெண்களும் இருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெயிலில், எல்லாருக்கும் முன்னால். அவர்களுக்கு அடைப்பு வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. கூலிக்கு வெட்டுகிறவளைப் பார்த்தால் குடும்பத்தின் மானம் போகாதாம், காணிக்காரியைப் பார்த்தால்தான் போகுமாம். இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"வந்துட்டமா?" என்று உம்மா கேட்டார்.

"ஓம். ஆக்கள் சாப்பிடப் போகட்டும், இறக்குறம்" என்று சொல்லிவிட்டு வாப்பாவும் மாமாவும் நெல் அடிக்கும் களவெட்டிப் பக்கம் நடந்தார்கள். நாங்கள் இருந்தோம். தம்பி அழுது களைத்து, அழுகையை விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினான். உம்மா கதவைத் தள்ளினார். ஆணி வெளியே. "ஆராவது கதவத் திறங்க!" என்று கத்தினார். அதற்கு முன் உம்மா கத்தி நான் கேட்டதில்லை. யாரும் வரவில்லை.

அவர் பன்பெட்டிக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்தார். புதுப் படங்கின் நடுவில் குத்தி, இரு கையாலும் பிடித்து முன்னிருந்து பின்வரைக்கும் கீறினார். வெளிச்சம் எங்கள் தலையில் விழுந்தது. தம்பியை என் கையில் தூக்கித் தந்துவிட்டு, அரிசி மூட்டையின் மேல் ஏறி, கிழிசலுக்குள்ளால் இடுப்பளவுக்கு எழும்பி நின்றார்.

சுற்றவர எல்லாம் வயல். கண் எட்டிய மட்டும் பழுத்து நின்றது. வரம்புக்கு வரம்பு, ஒன்று போலத்தான் ஒன்று. உம்மா ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். வெட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்கள். வாப்பா களவெட்டியிலிருந்து ஓடி வந்தார்.

"என்ன வேல பாத்திரிக்காய்! ஆக்கள் பாக்கிறாங்க, உக்காரு!"

"பாக்கட்டும்" என்றார் உம்மா. "இதுல எது எண்ட வயல்?"

வாப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மூச்சிரைக்க வந்த மாமாவிடமும் உம்மா கேட்டார். "காக்கா, எண்ட வயல் எது?"

"உக்காரு தங்கச்சி, மானத்த வாங்காத" என்றார் மாமா. டிரைவரைப் பார்த்து, "மெசினத் திருப்பு" என்றார்.

நாலு நாள் இருக்க வந்தோம். அடுப்புக் கூட மூட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் உம்மா நின்றுகொண்டே வந்தார். முக்காட்டை இறுக்கி இழுத்து, தகட்டைப் பிடித்துக்கொண்டு, கடந்து போன ஒவ்வொரு வயலையும் பார்த்தார். அக்கரைப்பற்று வந்தபோது வாப்பா மெசினை நிறுத்தச் சொல்லி, படங்கை இழுத்து மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் உம்மா நின்றபடிதான் வந்தார்.

வாப்பா பல நாள் உம்மாவோடு கதைக்கவில்லை. உம்மா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவுமில்லை. பெட்டி மணல் ஏற்றப் போயிற்று. பிறகு வந்த கலவர வருடங்களில் அந்தப் பக்கம் ஆண்களே போக அஞ்சினார்கள். காணி காடாகிவிட்டதென்று கேள்விப்பட்டோம்.

உம்மா மவுத்தாகி ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாமா படங்கு கிழிந்த கதையை எடுத்துவிட்டார். புதுப் படங்கு, நல்ல தடித்த படங்கு, இன்ன விலை கொடுத்து வாங்கியது, கத்தியால் ஒரே கீறலாம். சபை சிரித்தது. நான் சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து நின்றேன்.

"மாமா, அண்டைக்கு எண்ட வயல் எதுண்டு உம்மா உங்களுக்கிட்ட கேட்டா. நீங்க சொல்லல்ல. வாப்பாவும் சொல்லல்ல. அவ பாத்தது அவட வயலத்தானா, இல்ல வேற ஆருட வயலையோ எண்டு தெரியாமத்தான் மவுத்தாப் போனா. படங்கு என்ன விலை எண்டு மட்டும் உங்களுக்கு நல்லா ஞாபகம் இரிக்கி."