பெரிய சக்கரம்

பசுமலைப் பக்கம் ஒரு டயர் கடையில் என் காருக்கு டயர் மாற்றக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. தன் சின்னக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, அப்போதுதான் மாட்டிய பெரிய சக்கரங்களைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தார். பார்க்கிற எனக்கே படபடப்பாக இருந்தது.

கடைக்காரர், "இந்த வண்டிக்கு இம்புட்டுப் பெரிய சைஸ் வேணாம்ணே. பாரம் ஏறுனா உரசும்" என்றார்.

வேட்டிக்காரர் நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, செத்த நேரம் பின்னாடி ஏறி உக்காருங்க. உரசுதான்னு ஓட்டிப் பாத்துருவோம்."

நானும் காத்திருந்த இன்னும் இருவரும் ஏறினோம். முதல் வேகத்தடையிலேயே பின் டயர், அதற்கு மேலே வளைந்திருக்கும் தகட்டில் கரகரவென்று உரசியது. அவர் முகம் சுண்டிப்போனது. கடைக்குத் திரும்பினோம்.

"பழைய சைஸையே போட்டுருங்களேன்" என்றேன்.

"நாளைக்கு அக்கா மகளுக்குச் சடங்குண்ணே. நான் தாய்மாமன். மூத்தவ சடங்குக்கு பஸ்ல இறங்கி, சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு நடந்து போனேன். அக்கா மாமியா இன்னும் சொல்லிக் காட்டுது. இந்தத் தடவ அவுக வாசல்ல காரு நிமிந்து நிக்கணும்."

"அதான் உரசுதே?"

சக்கரத்தை இன்னொரு முறை தட்டினார். "பாரமே ஏத்தல. நான் மட்டும் கார்ல போறேன். எம் பொண்டாட்டி சீர எடுத்துக்கிட்டு பஸ்ல வந்துருவா."

அவர் மனைவியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் என் கார் வேகத்தடை ஏறும்போதெல்லாம், பஸ்ஸை விட்டு இறங்கித் தட்டோடு நடக்கும் அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறார்.