துணையின்றி, ஒரு குறிப்பு தவிர

கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் அவளுக்குப் பென்சில் அக்கா என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வியாழக்கிழமை மட்டும் பேனா. அன்றைய நாளிதழின் குறுக்கெழுத்தை அவிழ்த்து, எந்தக் குறிப்பு ஜோர், எது சொதப்பல் என்று ஓர் இணையதளத்தில் விமர்சனம் எழுதுவது அவள் முறை. விமர்சகர் அழித்து எழுதக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். வீம்புதான், வேறென்ன?

தளத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. யாரையும் எதையும் கேட்காமல் முடித்திருந்தால் விமர்சனத்தின் கடைசியில் 'துணையின்றி' என்று போடலாம். தொடர்ந்து நூறு முறை அப்படிப் போட்டவரை, புதிர் அச்சுக்குப் போகுமுன் போட்டுப் பார்க்கும் ஆளாக நாளிதழின் புதிர் ஆசிரியர் சேர்த்துக்கொள்வார். அவள் கணக்கில் தொண்ணூற்றொன்பது இருந்தது. இரண்டு வருஷமாக அவள் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நூறாவது வியாழன், காலை எட்டரை. ஒன்பதுக்குள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு குறிப்பு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை: 'கிழித்துத் தைத்த வாசல்', இரண்டெழுத்து. முதல் எழுத்து 'பா' என்று பேனாவால் பதிந்து கிடந்தது. 'பா'வில் தொடங்கும் வாசல் எந்த ஊரில் இருக்கிறது?

அதே அறையில் ஜன்னலோரம் தையல் மெஷினில் மாமியார். மருமகள் நாலாவது தடவையாகக் குறிப்பை முணுமுணுத்ததும் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"காஜா."

"இல்ல அத்தை, 'பா'வுல ஆரம்பிக்கணும்."

"அப்போ உன் 'பா' தப்பு. முப்பது வருஷமா துணியைக் கிழிச்சுக் கிழிச்சுப் பொத்தான் நுழையக் காஜா எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

குறுக்கே ஓடும் வரிசையைப் பார்த்தாள். 'நடந்தது நீண்டு கிடக்கிறது' என்ற குறிப்புக்குப் 'பாதை' என்று அழுத்தி எழுதியிருந்தாள். நடந்தது கதை; கதை நீண்டால் காதை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

"கண்டுபிடிச்சிருப்ப. மதியத்துக்குள்ள," என்று மாமியார் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

ஒரு வார்த்தைதானே என்று நினைத்தாள். கேட்கவா செய்தாள், அவராகச் சொன்னது. 'துணையின்றி' என்று போட்டு அனுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

பதினொரு மணிக்கு உரிமம் புதுப்பிக்க ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். அவள் எழுத்து அட்டையைத் திருப்பி மாட்டியிருந்தாள். மனிதர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, திருப்புவதற்கு முன்னிருந்த அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, முன்னால் போனவர்கள் வாசித்ததை உருப்போட்டிருக்கிறார்.

"அண்ணே, உங்க கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க. அடுத்தவங்க சொன்னதை எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"ஒரு வரிதானேம்மா," என்றார் அவர், பாவம் போல.

அவளுக்குச் சுருக்கென்றது. அவருக்குக் கண்ணாடி எழுதிக்கொடுக்கும்படி டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கைப்பேசியை எடுத்தாள். இரண்டு வருஷம். வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை, மாமியார் தளத்தைத் திறந்து பார்க்கப்போவதுமில்லை. ஆனாலும் 'துணையின்றி'யை அழித்து, 'ஒரு குறிப்பை என் மாமியார் அவிழ்த்தார், தையற்காரர். அவர் சொன்ன பிறகுதான் என் பிழையும் எனக்குத் தெரிந்தது' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. பத்து நிமிஷம் மருந்தறையில் நின்றுவிட்டு வந்தாள்.

ஆசிரியர் மாலையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'எண்ணிக்கை பூஜ்யம். உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.' ராத்திரி சாப்பிடும்போது அவள் அதை வீட்டில் சொன்னாள். கணவன் உச்சுக்கொட்டினான். மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வியாழன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடது ஓரத்துக் குறிப்பு ஒன்று முரண்டு பிடித்தது. இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தாள். மாமியாரின் உதடுகளுக்கு நடுவே வரிசையாக நாலு குண்டூசிகள். மடியில் கிடந்ததோ நேர்த்தையல். அதற்குக் குண்டூசியே வேண்டாம்.

"என்ன அத்தை, வாயில ஊசி?"

மாமியார் கையை மட்டும் நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எட்டே முக்கால். அவள் குனிந்து எழுதினாள். 'துணையின்றி' என்று போட்டு அனுப்பிவிட்டு, "ஆச்சு அத்தை, ஒண்ணு," என்ற பிறகுதான் மாமியார் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.