அருளப்பன் சுருக்கிய ரயில்

அருளப்பன் போய்விட்ட செய்தி எனக்குச் சவரக் கத்தியோடு வந்தது. கிள்ளான் கடைத்தெருவில் ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, உங்க தந்தி கூட்டாளி போயிட்டாராம்லா. செந்தூல்ல அடக்கம் பண்ணி நாலு நாளாச்சு" என்றார் நாவிதர். ரயில்வே தந்தி ஆபீசில் உட்கார்ந்து ஊரார் சாவையெல்லாம் உடனுக்குடன் தட்டி அனுப்பிய மனிதன், தன் சாவை மட்டும் எனக்கு நாலு நாள் பிந்தி அனுப்பியிருக்கிறான். அவன் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம் இது. முதலாவதைப் பிரிக்பீல்ட்ஸ்காரர்களாகிய நீங்கள் அறிவீர்கள். கைதட்டியவர்களே நீங்கள்தானே.

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் இருவர் மேடை நடக்கும். அருளப்பன் ஏதாவது ஒரு விஞ்ஞானத்தை எடுத்துச் சொல்வான். அடுத்து நான் எழுந்து அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன். ஜனங்கள் எனக்காகத்தான் வருகிறார்கள் என்பது அப்போது என் திடமான அபிப்பிராயம். இன்று ஒரு ரகசியத்தை உடைக்கிறேன். பேசப்போவதை அவன் ஒரு வாரம் முன்பே எழுதி என்னிடம் கொடுத்துவிடுவான். நீங்கள் வியந்த என் திடீர் நகைச்சுவையெல்லாம் அந்தத் தாளில் ஏழு நாள் ஊறியதுதான்.

அந்த மாதம் ஒரு ஜெர்மானியப் பேராசிரியரின் கொள்கை. வெளிச்சத்தின் வேகத்தை நெருங்கி ஒரு ரயில் ஓடினால் என்ன ஆகும் என்பது பேச்சு. ரயில் நீளும், அதிலுள்ள கடிகாரம் விரைந்து ஓடும் என்று தாளில் இருந்தது. எனக்குக் கொண்டாட்டம். இஞ்சின் கிள்ளானில், கடைசிப் பெட்டி பிரிக்பீல்ட்ஸில். உள்ளேயே நடந்தால் ஊர் வந்துவிடும்! கார்டு பச்சைக்கொடியை மடிப்பதற்குள் பென்ஷன் வாங்கிவிடுவார்! வீட்டில் ஒத்திகை பார்த்தபோது என் மனைவி சிரித்தாள். அவள் லேசில் சிரிக்கிறவள் அல்ல.

மேடையில் அருளப்பன் வாயைத் திறந்தான். "ஓடுற ரயிலை நாம பிளாட்பாரத்திலே நின்னு அளந்தா, ஓடுற திசையிலே சுருங்கியிருக்கும். உயரம் மாறாது. அதிலே கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட மெதுவாப் போகும். உள்ளே இருக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவரு அளந்தா, நம்ம பிளாட்பாரம்தான் சுருங்கியிருக்கும். ரெண்டு பேர் சொல்றதும் சரி. வேகம் ஏற ஏற, எடை கூடின மாதிரி தள்ளுறது கஷ்டமாகிக்கிட்டே போகும். எவ்வளவு கரி போட்டாலும் வெளிச்சத்தைப் பிடிக்க முடியாது."

சபை மூச்சு விடாமல் கேட்டது, முடிந்ததும் கைதட்டியது. நான் எழுந்தேன். என்னிடம் இருந்ததோ நீளும் ரயில். வேறு சரக்கு இல்லாததால் அதையே ஓட்டினேன்.

"ஐயா, அவர் சுருங்கும்னாரு. நீங்க எந்த ரயில்ல வந்தீங்க?" என்றார் செந்தூல் ரயில் பட்டறை ஃபிட்டர் ஒருவர். என் பேச்சில் விழுந்த ஒரே சிரிப்பு அது. அதுவும் அவருக்கு.

வாசலில் அருளப்பனைப் பிடித்தேன். "எப்போடா மாத்தினே?"

"வெள்ளிக்கிழமை. நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தேன். கணக்கை மறுபடி போட்டேன், சுருங்குது."

"எங்கிட்டே சொல்ல ரெண்டு நாள் இருந்துச்சே!"

"சொன்னா இதையும் சிரிப்பாக்கிடுவே. இந்த ஒண்ணையாவது அவங்க முழுசா வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்னு நினைச்சேன்."

அடித்திருப்பேன். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். ஆகையால் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். ஆறு வருஷம்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான் இருந்த மேசைக்கே வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான், இருமினான். நான் என்னவென்று கேட்கவில்லை. என் தம்ளரைக் காட்டி அவனே ஆரம்பித்தான். "சூடான தேத்தண்ணி, அதே தேத்தண்ணி ஆறினப்புறம் இருக்கிறதைவிடக் கனம், தெரியுமா? சூடும் சக்திதானே, சக்திக்கும் எடை உண்டு. எந்தத் தராசும் காட்டாது, அவ்வளவு கொஞ்சம்." பிறகு தணிந்த குரலில், "இது சரிதான். நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன். இதை வெச்சு ஏதாச்சும் சொல்லேன்" என்றான்.

சொல்ல இருந்தது. அவன் முடிப்பதற்குள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் ஆயுளில் எனக்கு வந்ததிலேயே உயர்ந்தது. அவன் காத்திருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து கிள்ளான் ரயிலுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமையே சொல்லாததற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அவனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு நகைச்சுவைதான். அவன் கேட்டது, அவனுக்காக வந்தது. உங்களுக்குச் சொல்லமாட்டேன்.