அட்டை இல்லை, செவுரு

தண்ணீரும் மணலும் இல்லாமல் சுவர் எழுப்புகிற தொழில் என்னுடையது. கெட்ட பெயர் இல்லாமல் மட்டும் அதைச் செய்ய முடியவில்லை. அந்தப் பெயரை முதலில் வைத்தவர் பென்னலூர் ஏழுமலை மேஸ்திரி. தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து, வீட்டுக்குள் அறை பிரித்துக் கொடுக்கிறவன் நான். நீங்களும் ஏதாவது ஒரு தொழிலில் கை காய்த்தவராக இருந்தால், ஒருத்தர் போகிறபோக்கில் சொன்ன சொல் எத்தனை வருஷம் உறுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் வைத்த நாள்

பென்னலூரில் ஒருவர் தன் பெரிய ஹாலை இரண்டாக்கிக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். குறுக்கே நான் போர்டு அடித்தேன். பின்பக்கம் ஏழுமலை செங்கல்லில் பாத்ரூம் கட்டிக்கொண்டிருந்தார். டீ குடிக்க வந்தவர் என் வேலையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். டொக் டொக் என்றது. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து நிறுத்தியிருக்கிறாயா என்று வீட்டுக்காரர் முன்னாலேயே கேட்டார். அன்றிலிருந்து ஒரகடம் வரைக்கும் நான் ‘அட்டை’. போர்டு விற்கிற கடைக்காரர் போனில்கூட என் நம்பர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு நாள் உங்கள் வாயாலேயே இதைச் செவுரு என்று சொல்ல வைப்பேன் என்றேன். அவர் தன் கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் இருந்த பையைக் காட்டினார். அந்தக் காலத்துப் போர்டில், பின்னால் சட்டம் இல்லாத இடத்தில் அவ்வளவு கனம் நிற்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“இந்தப் பை அதுல தொங்கட்டும்பா. அன்னிக்கி செவுருன்னு சொல்றேன்.”

தண்ணி காட்டிய அம்மா

குன்றத்தூரில் ஒரு டீச்சரம்மா வீட்டில் போர்டு அடித்துவிட்டு, பட்டி பூச மூன்றாம் நாள் போனேன். தரையெல்லாம் தண்ணீர். போர்டின் கீழ்ப்பாதி ஊறிய அப்பளம் மாதிரி உப்பி நின்றது. கையில் டியூபோடு அந்த அம்மா நிற்கிறார். சிமென்ட் பூசிய சுவரை நனைப்பதுபோல் காலையும் சாயங்காலமும் விடாமல் நனைத்திருக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் என் வேலையை முதன்முதலில் சுவர் என்று நம்பியவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டு போர்டைக் கழற்றினேன்.

“நீங்க சொல்ல மறந்துட்டீங்கன்னு நானே ஊத்தினேன் மேஸ்திரி. ஏழு நாளு தண்ணி காட்டலன்னா செவுரு வெடிச்சிடாதா?”

வந்தவர்கள் எல்லாரும் தட்டியது

வல்லம் வடகாலில் ஒரு வீட்டில் புது அறைக்குப் பால் காய்ச்சினார்கள். வந்த சொந்தக்காரர்களில் தட்டிப் பார்க்காத ஆளே இல்லை. செங்கல் சுவரை யாராவது தட்டிப் பார்க்கிறார்களா? உள்ளே வீட்டுக்காரரின் தம்பி நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும், வாங்க வாங்க என்று தூக்கத்திலேயே குரல் கொடுத்தார். ஐந்தாவது தட்டில் எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“கதவு தொறந்துதான் கீதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? தட்டிகினே நிக்காம உள்ள வந்து தொலைங்களேன்.”

இரண்டு மூட்டை அரிசி

பிறகு கெட்டி போர்டு வந்தது. தூக்கும்போதே தோள் சொல்லும், இது வேற ஜாதி என்று. பின்னால் பலகை வைக்க வேண்டாம். நேராக ஸ்க்ரூ முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். முதலில் அடித்தது ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் திருநெல்வேலிப் பையன் வீட்டில். அவன் வாய்ச்சொல்லை நம்பமாட்டான். நான்கு ஸ்க்ரூவில் ஒரு அலமாரித் தட்டுப் பொருத்தச் சொல்லி, இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை இரண்டை அதன்மேல் ஏற்றினான். அவர்கள் ஷிப்ட் எட்டு மணி நேரமாம். தட்டும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமாம். எதிரே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, மணிக்கு ஒரு தடவை டேப் பிடித்து அளந்தான். ஆறாவது மணியில் படார் என்று சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. அரிசி அப்படியே இருந்தது. பையன்தான் தரையில் கிடந்தான். அவர்கள் கம்பெனியில் தேறாத பொருளுக்கு என்.ஜி. என்று பெயராம். படுத்தபடியே தீர்ப்புச் சொன்னான்: “அண்ணாச்சி, போர்டு ஓகே. சேருதான் என்.ஜி.”

மூட்டையும் தட்டும் தெரிய ஒரு போட்டோ எடுத்து ஏழுமலைக்கு அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டார். பதில் சாயங்காலம்தான் வந்தது.

“அரிசி பழசா, புதுசா?”

பை தொங்கிய நாள்

போன மாதம் ஏழுமலையின் மகனே என்னைக் கூப்பிட்டான். மாடியில் ஒரு அறை தடுக்க வேண்டும். செங்கல் கனத்தைத் தளம் தாங்காது என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டாராம். நான்கு நாள் வேலை. ஏழுமலை கீழேயே இருந்தார். கடைசி நாள், தோளில் அந்தப் பழைய பையோடு, முட்டி வலியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். தட்டினார். அந்தப் பழைய டொக் வரவில்லை. காதை வைத்து இன்னொரு தடவை தட்டினார். நான் பின்னால் சட்டம் இல்லாத இடமாகப் பார்த்து அவரையே காட்டச் சொல்லி, ஸ்க்ரூ முடுக்கி, அவர் பையை வாங்கி மாட்டினேன்.

நின்றது. பையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்போதும் நின்றது. கால் வலியில் அந்தப் போர்டின்மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, “செவுரு ஸ்ட்ராங்காத்தான் கீது” என்றார். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டார். எதிர்ப்பக்கம், தெருவைப் பார்த்த செங்கல் சுவரைக் கை காட்டினார்.

“இன்னா பாக்குற? நான் சொன்னது அந்தாண்ட செவுர. அது நான் கட்னது.”

பை இன்றைக்கும் அதே ஸ்க்ரூவில்தான் தொங்குகிறது. எனக்கு வர வேண்டிய சொல்தான் இன்னும் வந்து சேரவில்லை.