மணிக்கட்டைப் பிடித்த கை

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் தேவநாதனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். கரும்பு விவசாயிதான், ஆனால் மாடு நிற்கிற நிற்பைப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார். அந்த நம்பிக்கையில் சொந்தக்காரர்கள் பெண் பார்க்கவும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்சீட்டில் இடம் போட்டுக் கூட்டிப்போனால் யாருக்குத்தான் கசக்கும்? அவரும் போனார்.

மூன்று வருடங்களுக்கு முன் சித்தப்பா மகனுக்காகத் திண்டிவனத்தில் மலர்விழி என்கிற பெண்ணைப் பார்த்தார்கள். காபி கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை விடவில்லை, நிமிரவும் இல்லை. திரும்பி வரும்போது வேனில் தேவநாதன் தீர்ப்பு சொன்னார்.

"அந்தப் பொண்ணு வேற யாரையோ மனசுல வச்சிக்கினு இருக்குது. உக்காந்த தினுசே சொல்லுதே."

சம்பந்தம் நின்றது. பேச்சு நிற்கவில்லை. அதன்பின் வந்த இரண்டு வரன்களும் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப்போனதாக அவர் காதுக்கும் எட்டியது. அவள் தலையெழுத்து என்று சுலபமாக விட்டுவிட்டார்.

போன மாதம் அவர் மகள் இளவரசியைப் பார்க்க வந்தார்கள். எட்டுப் பேர் முன்னால் அவள் உட்கார்ந்தாள். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தது. தேவநாதன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போனதும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மனதில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கை நடுங்குச்சுப்பா. அத்தினி பேரு பாக்குறாங்க. தெரியக்கூடாதுன்னு புடிச்சிக்கினேன்."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. மாட்டைப் பார்க்கிற கண்ணால் ஊரான் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, அவள் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டோமே என்று வெட்கினார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் விழுப்புரம் போய்த் திண்டிவனம் பஸ் ஏறினார். கதவைத் திறந்தது மலர்விழிதான். அன்று காபி கொடுத்தபோது பார்த்த முகத்தை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். அப்பா வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்றாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சில் பாதிகூட வாய்க்கு வரவில்லை.

"அன்னிக்கு வேன்ல உன்னப் பத்தித் தப்பா சொன்னது நான்தாம்மா."

"தெரியுங்க" என்றாள்.

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவரிடம் நீட்டவில்லை. பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

"நடுக்கம் நிக்கட்டும். அப்புறமா குடிங்க."

அப்போதுதான் தேவநாதன் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை, இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.