தெர்மாந்தியாவின் ஏழு வருடங்கள்

சுதாஜினி தன் அக்காவின் கணவனைக் கட்டியது அப்பாவின் முடிவு. அக்கா மனோகரி பிள்ளை இல்லாமலே புற்றுநோயில் இறந்துபோனாள். அப்பா சூசைப்பிள்ளை மொன்றியல் நகரின் சென்ட் லோரன்டில் நடத்திய துப்புரவுக் கொம்பனி மருமகன் றொஷானின் கையில்தான் ஓடியது. அவனைக் கைவிட அவருக்கு மனமில்லை.

"அக்கா இருந்த வீடுதானே, உனக்கு என்ன புதுசு?" என்றார் சுதாஜினியிடம்.

லாசாலில் இருந்த அந்த வீட்டின் அலுமாரி நிறைய அக்காவின் சேலைகள். றொஷான் கோபப்படவில்லை, கதைக்கவுமில்லை. சோபாவிலேயே படுத்தான்.

அந்த வருடமே அப்பா மாரடைப்பில் போனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு றொஷான் அவளை அம்மா அக்னெசின் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

"மாமி, இவ இஞ்சயே இருக்கட்டும். மாமாவின்ர சொல்லைத் தட்டேலாமத்தான் கட்டினனான்."

வருடங்கள் ஓடின. அம்மாவும் போய்விட்டாள். சுதாஜினி கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் குழந்தைகளுக்குச் சமைத்தாள். டவுன்டவுனில் சரித்திரம் படித்த அண்ணன் மகள் தக்ஷினி மட்டும் ஞாயிறுகளில் வந்துபோனாள்.

ஒரு ஞாயிறு தன் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். "ரோமப் பேரரசன் ஹொனோரியஸ், மாமி. பெண்சாதி மரியா செத்தாப்பிறகு அவவின்ர தங்கச்சி தெர்மாந்தியாவைக் கட்டினவன். அந்தப் பெட்டையளின்ர தகப்பன்தான் பெரிய தளபதி. அவரைக் கொல்லுவிச்சுப்போட்டு, இவவைத் தாயிட்ட..."

சட்டென்று நிறுத்தினாள்.

"சொல்லு. பேந்து?"

"தாயையும் கொன்றுபோட்டினம். ஏழு வருசத்தால இவவும் செத்திட்டா."

"அந்த ஏழு வருசமும் என்ன செய்தவ?"

"ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"தேடிப் பார், பிள்ளை. ஏதாவது இருக்கும்."

மாமி யாரிடமும் எதுவும் கேட்பவளல்ல. தக்ஷினி நூலகத்தில் உண்மையாகவே தேடினாள். ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறக்கும்போதே மாமி, "கிடைச்சதோ?" என்பாள். கிடைக்கவில்லை. கடைசியில் பேராசிரியர் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

"மரியாவைப் பற்றி எழுதட்டாம். அவவின்ர கல்லறையில நகையெல்லாம் எடுத்தவையாம்."

சுதாஜினி தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்தாள்.

"ஓம், அக்காவையே எழுது."

கோடையில் தக்ஷினி வேலை கிடைத்து ரொறொன்ரோவுக்குப் போனாள். சுதாஜினி முதலில் தொலைபேசியை எடுக்காமல் விட்டாள். பிறகு வேலைக்குப் போவதையும் விட்டாள். அண்ணன் வந்து தட்டினால், "சுகமா இருக்கிறன், அண்ணை" என்பாள், கதவைத் திறக்காமல். அவர் படியிறங்கிப் போவார்.